பன்னிரண்டு இரவுகளில் எத்தனை பூங்காக்கள்? தான்சானியா, கென்யா சஃபாரித் திட்டம் குறித்த விவாதம்

நெடுவழி:

வணக்கம். வரும் பிப்ரவரி முதல் வாரத்தில் கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி, பன்னிரண்டு இரவுகள் கழித்து நைரோபியிலிருந்து திரும்புவதாகத் திட்டமிட்டிருக்கிறோம். நாங்கள் நான்கு பேர். எங்களுள் ஒருவர் எழுபது வயதான என் தாயார். டாரங்கிரேயில் ஓர் இரவு, மன்யாரா ஏரியில் ஓர் இரவு, இங்கொரொங்கோரோ எரிமலைவாயின் விளிம்பில் ஓர் இரவு, செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரொனேராவில் ஓர் இரவு, அதன் வடகோடியான கோகடெண்டேயில் ஓர் இரவு, எல்லையைக் கடந்து மசாய் மாராவில் இரண்டு, நகுரு ஏரியில் ஒன்று, நைவாஷாவில் ஒன்று, அம்போசெலியில் இரண்டு, கடைசி இரவு நைரோபியில். வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனத்தின் மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பதைக் காண்பதே எங்கள் முதல் விருப்பம். மறுமுறை செல்ல வாய்ப்பில்லாத பயணம் என்பதால் எந்தப் பூங்காவையும் விட்டுவிட மனம் வரவில்லை. குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கருவேலன்:

தயங்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். உங்கள் முதல் விருப்பமும் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதமும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காலத்தில். பிப்ரவரியில் அந்தப் பதின்மூன்று லட்சம் வில்டபீஸ்டுகளில் பெரும்பாலானவை செரெங்கெட்டியின் தென்கிழக்கே, நுடூட்டுவைச் சுற்றியுள்ள குறும்புல் சமவெளியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். அங்குள்ள மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. அதில் விளையும் புல்லில் பாலூட்டும் தாய்க்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. புல் குட்டையாக இருப்பதால் பதுங்கி வரும் கழுதைப்புலியும் தொலைவிலேயே தெரிந்துவிடும். கன்றுகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் நீங்கள் மந்தைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே கோகடெண்டேவுக்கு நான்கைந்து மணி நேரம் வண்டியில் குலுங்கப் போகிறீர்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. நான் எந்தச் சஃபாரித் திட்டத்தைப் பார்த்தாலும் பூங்காக்களை எண்ணுவதில்லை. மூட்டை கட்டத் தேவையில்லாத விடியல்களை எண்ணுவேன். சிங்கமும் சிறுத்தையும் சூரியன் ஏறியதும் நிழலில் படுத்துவிடுகின்றன; ஆகவே முதல் மூன்று மணி நேரமே நாளின் சாரம். ஓர் இரவு மட்டும் தங்கும் இடத்தில் அந்த மூன்று மணி நேரம் பெட்டி அடுக்குவதிலும் கணக்குத் தீர்ப்பதிலும் வாயிலில் அனுமதிச்சீட்டுக்குக் காத்திருப்பதிலும் கரைந்துவிடும். உங்கள் பன்னிரண்டு இரவுகளில் அப்படிப்பட்ட விடியல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மாராவில் ஒன்று, அம்போசெலியில் ஒன்று. இரண்டே இரண்டு.

பூநாரை:

நண்பர் கருவேலன் பருவத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். விடியல் கணக்கை ஏற்க இயலவில்லை. இடம் மாறும் நாளெல்லாம் வீணான நாள் என்ற எண்ணம் நெடுஞ்சாலைப் பயணத்துக்குப் பொருந்தலாம்; வட தான்சானியாவுக்குப் பொருந்தாது. டாரங்கிரேயில் காலை முழுவதும் சுற்றிவிட்டு, பிற்பகலில் மன்யாராவின், நிலத்தடி நீரால் செழிக்கும் காட்டுக்குள் நுழைவது எளிது. இங்கொரொங்கோரோவிலிருந்து செரெங்கெட்டிக்கு இறங்கும் சாலையோ பிப்ரவரியில் மந்தைகளின் நடுவிலேயே செல்கிறது. அந்தச் சாலையில் எங்கள் வண்டி நகர முடியாமல் வரிக்குதிரைகளுக்காக நின்ற நேரத்தைப் பயண நேரம் என்று கணக்கெழுத எனக்கு மனம் வராது.

பல பூங்காக்களுக்குச் செல்வதன் உண்மையான பயன் வாழிடங்கள் மாறுவதில் இருக்கிறது. செரெங்கெட்டியில் பத்து நாள் தங்கினாலும் கிரேவி வரிக்குதிரையையோ, வலைக்கோட்டு ஒட்டகச்சிவிங்கியையோ, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று முள்மரத்தை மேயும் கெரெனுக் மானையோ காண முடியாது. அவை மூன்றையும் ஒருசேரக் காணக் கென்யாவின் வறண்ட வடக்கான சம்புருவுக்குச் செல்ல வேண்டும். வெள்ளைக் காண்டாமிருகத்தை நகுருவில் காணலாம். எரிமலைவாயின் தளத்தில் யானையும் சிங்கமும் கருப்புக் காண்டாமிருகமும் உண்டு, ஒட்டகச்சிவிங்கி கிடையாது. மறுமுறை வர வாய்ப்பில்லை என்று எழுதியவரிடம் ஒரே புல்வெளியில் உட்காருங்கள் என்று சொல்வது, நான்கு முறை சென்று வந்தவரின் அறிவுரை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் ஒரு பிப்ரவரியில் கன்று ஈனும் காட்சிக்காகவே ஒரே முகாமில் ஐந்து இரவுகள் பதிவு செய்திருந்தேன். இடையில் கிழக்கே மழை பெய்தது. மந்தைகள் ஒரே இரவில் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. எஞ்சிய நாள்களில் நான் கண்டது காலியான புல்லும் சில தாம்சன் மான்களும். எல்லா நாள்களையும் ஒரே இடத்தில் வைப்பதில் உள்ள ஆபத்து அது.

கருவேலன்:

உங்கள் அனுபவம் உண்மையானதே. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவைத்தான் மறுக்கிறேன். மந்தை முப்பது கிலோமீட்டர் நகர்ந்தால் அதைத் தேடிச் செல்ல ஒரு முழு நாள் வேண்டும்; அந்த நாள் ஓரிரவுத் திட்டத்தில் இருப்பவரிடம் இல்லை, உங்களிடம் இருந்தது. மதிய உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பியிருந்தால் மாலைக்குள் மந்தையைப் பிடித்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

அவசரத்தின் விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை. ஒரே நாள் கையில் இருப்பவர், "சிவிங்கிப்புலி (சீட்டா) இன்னும் பார்க்கவில்லையே" என்று ஓட்டுநரை நெருக்குவார். ஓட்டுநர் வானொலியில் கேட்ட இடத்துக்கு விரைவார். அங்கே ஏற்கெனவே இருபது வண்டிகள் நின்றிருக்கும். மசாய் மாராவில் நடந்த ஒரு கள ஆய்வு 2018இல் வெளிவந்தது: சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதியில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி ஓர் ஈற்றில் வளர்த்து ஆளாக்கிய குட்டிகள் சராசரியாக 0.2, வண்டிகள் குறைந்த பகுதியில் 2.3. பகலில் வேட்டையாடும் விலங்கு அது. நாம் நிற்கும் இடமும் நேரமும் அதன் இரையைப் பறிக்கின்றன. நாள்கள் கையில் இருந்தால் கூட்டத்தை விட்டு விலகி, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியும்.

சக்கரம்:

இருவரும் விலங்குகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வண்டியைப் பற்றியும் தாள்களைப் பற்றியும் பேசுகிறேன்.

செரெங்கெட்டியும் மசாய் மாராவும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வில்டபீஸ்டுக்கு அங்கே எல்லை கிடையாது. சுற்றுலாப் பயணிக்கு உண்டு. பூங்காவுக்குள்ளிருந்து நேராகத் தாண்ட வழியில்லை. மேற்கே சுற்றி இசெபானியா சோதனைச் சாவடி வழியாகச் செல்ல வேண்டும், அங்கே தான்சானிய வண்டியை விட்டுக் கென்ய வண்டிக்கு மாற வேண்டும். ஒரு முழு நாள் அதற்கே போய்விடும். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் பொதுவான சுற்றுலா விசா ஒன்று உண்டு; தான்சானியா அதில் சேராது என்பதால் இரு நாடுகளுக்கும் தனித்தனியாக அனுமதி பெற வேண்டும். எல்லையில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கக்கூடும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அது செல்லுபடியாகும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், உங்கள் தாயாருக்கு மருத்துவரின் கருத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கட்டணக் கணக்கும் திட்டத்தை மாற்றும். வட தான்சானிய நகரமான அருஷாவிலிருந்து செரெங்கெட்டிக்குச் செல்லும் சாலை இங்கொரொங்கோரோ காப்பகத்தின் வழியாகப் போகிறது; எரிமலைவாயைப் பார்க்காமல் கடந்து போனாலும் காப்பகத்துக்குக் கட்டணம் உண்டு, அதே சாலையில் திரும்பினால் மறுபடியும் உண்டு. எரிமலைவாய்க்குள் இறங்க வண்டி ஒன்றுக்கு 250 டாலர், 18 விழுக்காடு வரியோடு 295 டாலர். இது ஆள் கணக்கில் வராது என்பதால் நான்கு பேர் ஒரே வண்டியில் இறங்குவது நல்லது. நுடூட்டு விடுதிகள் பல காப்பகத்தின் எல்லைக்குள் இருக்கின்றன. அங்கே தங்கிச் செரெங்கெட்டிப் பக்கம் ஒரு சுற்றுக்குப் போனால் அன்றைக்குப் பூங்காக் கட்டணம் தனி. பாதையை விட்டு வண்டியை இறக்க நுடூட்டுவின் காப்பகப் பகுதியில் கன்று ஈனும் பருவத்தில் அனுமதிக்கிறார்கள். செரெங்கெட்டிக்குள் அனுமதி இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் ஓட்டுநரைக் கட்டாயப்படுத்தி அவருக்கு அபராதம் வாங்கிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எழுபது வயதானவரின் முதுகெலும்பையும் நினைவில் வையுங்கள். இங்கொரொங்கோரோவைத் தாண்டிய பிறகு வரும் மண்சாலை துணி துவைக்கும் பலகையைப் போல வரிவரியாக இருக்கும்.

பூநாரை:

இசெபானியா பற்றிச் சக்கரம் எழுதியதற்குப் பிறகு மாராவைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் பொருளில்லை; அதை விட்டுவிடுகிறேன். நகுருவிலும் ஏரியின் நீர்மட்டம் பல ஆண்டுகளாக உயர்ந்து, பூநாரைகளில் பெரும்பகுதி போகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குச் சென்றுவிட்டது. என் புனைபெயருக்கே இது பெருமை சேர்க்கவில்லை.

ஆனால் கென்யாவையே கைவிடச் சொன்னால் மறுப்பேன். அம்போசெலியின் பரப்பு வெறும் 392 சதுர கிலோமீட்டர். செரெங்கெட்டியின் 14,763 சதுர கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் ஒரு மூலை. ஆயினும் கிளிமஞ்சாரோவின் ஊற்று நீரால் நிறையும் அந்தச் சதுப்புகளில் யானைக் குடும்பங்கள் வயிறளவு நீரில் நின்று மேய்வதைப் போன்ற காட்சி டாரங்கிரேயில் பிப்ரவரியில் கிடைக்காது. 1972 முதல் அங்குள்ள யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்து வருகிறார்கள். வண்டிகளுக்குப் பழகிய யானைகள் என்பதால் அமைதியாக அருகில் கடந்து செல்லும். பிப்ரவரிக் காலையில், மேகம் திரளும் முன், மலையின் உச்சி தெளிவாகத் தெரியும் வாய்ப்பும் அதிகம். டாரங்கிரேயின் யானைகளோ ஜூலை முதல் அக்டோபர் வரை ஆற்றை அண்டி நிற்பவை. மழைக்குப் பிறகு பூங்காவுக்கு வெளியேயும் பரவிச் சென்றுவிடும். ஒன்றை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் டாரங்கிரேயை வெட்டுங்கள்.

கருவேலன்:

அம்போசெலி பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டு இரவுகளை மூன்றாக்குங்கள் என்பதே என் கருத்து. டாரங்கிரேயை வெட்டச் சொல்வதுதான் புரியவில்லை. யானைகளின் எண்ணிக்கை பிப்ரவரியில் குறையும், இல்லாமல் போவதில்லை. ஆனைப்புளிய மரங்களின் நடுவே பசுமை விரிந்திருக்கும் அந்தக் காலத்தில் வண்டிகள் குறைவு, பறவைகள் மிகுதி. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு, அருஷாவிலிருந்து இரண்டரை மணி நேரத்தில், பெரும்பாலும் தார்ச்சாலையில் சென்றடையக்கூடிய முதல் பூங்கா அது. வயதானவர் ஒருவர் உடன் வரும்போது அந்த எளிமைக்கு மதிப்பு உண்டு. கடிக்கும் ட்செட்சி ஈ இருக்கும். கருநீல, கருப்பு உடைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அந்த நிறங்களை நாடியே அவை வருகின்றன.

பூநாரை:

வயதானவரின் வசதிக்காக என்றால் ஏற்கிறேன்; யானைகளுக்காக என்றால் இல்லை. சம்புரு இல்லாத கென்யத் திட்டம் எனக்கு இன்னும் அரைகுறையாகவே தோன்றுகிறது என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

நெடுவழி:

மூவருக்கும் நன்றி. இரண்டு நாள்கள் குடும்பத்தோடு அமர்ந்து எல்லாவற்றையும் திருத்தி எழுதினோம். ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகப் பயணத்தை ஆகஸ்டுக்குத் தள்ளலாமா என்று ஒரு மாலை முழுவதும் பேசினோம்; விடுமுறை கிடைக்காது என்பதால் கன்றுகளைப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

டாரங்கிரேயில் இரண்டு இரவுகள், எரிமலைவாயின் விளிம்பில் ஒன்று, நுடூட்டுவில் மூன்று, செரொனேராவில் மூன்று. அங்கிருந்து சிறு விமானத்தில் அருஷா. அன்றே நமங்கா எல்லையில் வண்டி மாறி அம்போசெலி சென்று மூன்று இரவுகள். பிறகு சாலை வழியே நைரோபி, அன்றிரவே விமானம். மன்யாரா, கோகடெண்டே, மாரா, நகுரு, நைவாஷா ஐந்தும் போயின. கருவேலன் கணக்கின்படி மூட்டை கட்டாத விடியல்கள் இரண்டிலிருந்து ஏழாகியிருக்கின்றன. எரிமலைவாயில் ஓர் இரவு மட்டும் என்பதை மாற்றவில்லை; காலையில் வாயில் திறந்ததும் இறங்கி, மதியத்துக்குள் ஏறி, பிற்பகலில் நுடூட்டு செல்வதாக எண்ணம்.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. செரொனேராவிலிருந்து செல்லும் சிறு விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ, அதுவும் மென்மையான பையில் மட்டும் என்கிறார்கள். என் புகைப்படக் கருவியும் வில்லைகளும் மட்டுமே ஏழு கிலோ. விளிம்பில் இரவுக் குளிருக்காகத் தாயாருக்கு எடுக்கும் கம்பளி உடைகளை யார் பையில் வைப்பது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

சக்கரம்:

விளிம்பு ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரம்; கம்பளியைக் குறைக்காதீர்கள். கிளம்பும்போதே கனமான பொருள்களைத் தனிப் பெட்டியில் கட்டி அருஷாவில் தங்கும் விடுதியில் விட்டுச் செல்லுங்கள். நமங்காவுக்குப் போகும் வழியில் எடுத்துக்கொள்ளலாம். கம்பளி உடைகளின் வேலை விளிம்போடு முடிந்துவிடுவதால், தரைவழியே அருஷாவுக்குத் திரும்பும் வண்டியிலேயே ஓட்டுநரிடம் அவற்றைக் கொடுத்தனுப்ப முடியுமா என்று நிறுவனத்தாரிடம் இப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு வில்லைகளை வீட்டில் விடுங்கள்.

கருவேலன்:

நீளமான வில்லையை மட்டும் விட வேண்டாம்.