தண்ணீர் இறங்கினால் தெரியும் நந்தி: பண்ணவாடி போனவர்கள் இருக்கிறீர்களா?

என் அம்மாயி பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் கிடக்கிறது. வண்டி கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு ஆறேழு வயதாம்.

அணையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்தது, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்பதெல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி. நீர்த்தேக்கத்துக்கு அப்போதைய கவர்னர் ஸ்டான்லியின் பெயர். இன்ஜினியர் எல்லிஸின் பெயர் பதினாறு கண் மதகுப் பக்கம் இருக்கிறது. முழுகிப்போன ஊர்களின் பெயரை மட்டும் எந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை.

நீர்மட்டம் ஐம்பது அடிக்குக் கீழே போயிருந்த ஒரு கோடையில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி போனேன். பரிசல் துறையிலிருந்து வெடித்த வண்டல் மேல் நடை. அங்கே நின்றது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. கழுத்து மடிப்பில் சேறு காய்ந்திருந்தது, காதோரம் அறுந்த மீன்வலை. யாரோ ஏற்கெனவே ஒரு செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள்.

அம்மா பரிசல்காரரிடம், "கோயிலுக்குக் கிழக்கால ஒரு தெரு இருந்ததாமே, அண்ணா?" என்று கேட்டார்.

"அதா எள்ளு நிக்குதே, அதுதான் கண்ணு."

தண்ணீர் வற்றினால் அங்கே வெள்ளாமை வைப்பார்கள். அம்மா அந்த எள்ளுக்காட்டு வரப்பில் குனிந்து ஒரு ஓட்டுத்துண்டை எடுத்தார். சேலைத் தலைப்பில் துடைத்து, மடியில் முடிந்துகொண்டார். திரும்பி வரும்வரை பேசவே இல்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

பதில்:

நான் மன்னார்குடிப் பக்கம். வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் தாத்தா ரேடியோவை விட்டு நகர மாட்டார், மேட்டூர் நீர்மட்டம் கேட்டாக வேண்டும். திறந்தார்கள் என்றால் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். எங்கள் குறுவைக்குத் தேக்கிய தண்ணீர் உங்கள் அம்மாயி தெருவின் மேல் நின்றது என்பது இத்தனை வயதுக்கு இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த கோடையில் நானும் வருகிறேன்.

பதில்:

நாங்கள் நாகமரைக்குப் பரிசலில் போனபோது நந்தி தெரியவில்லை. பழைய தேவாலயத்தின் கோபுர உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே. ஓட்டியவர் அதை விட்டு நன்றாக விலகித் துடுப்புப் போட்டார். அடியில் சுவர் இருக்கிறது, தட்டும் என்றார்.

எழுதியவர்:

வாருங்கள், கட்டாயம் சேர்ந்து போவோம். நீர்மட்டம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்புறம் ஒன்று: உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருக்கட்டும். மேலே காய்ந்த மாதிரி தெரியும் வண்டல் சில இடங்களில் முழங்கால் வரை இறங்கும்.