தில்லி இந்திரா காந்தி நினைவு அருங்காட்சியகம்: சிறுமியை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி

வணக்கம். குடும்பத்தோடு தில்லிக்குச் செல்லவிருக்கிறோம். சப்தர்ஜங் சாலை 1ஆம் எண் இல்லத்தை, இந்திரா காந்தி வாழ்ந்த அந்த வீட்டை, பார்க்க வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் ஆசை. ஆனால் சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த சேலையும் அங்கே வைக்கப்பட்டிருப்பதால், பத்து வயது மகளை அழைத்துச் செல்லத் தயங்குகிறேன். சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள் அம்மா. 1984 அக்டோபர் 31 அன்று நடந்ததை மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். குண்டு துளைத்த சேலையை எதுவும் தெரியாமல் எதிர்கொள்வதைவிட, தெரிந்துகொண்டு பார்ப்பது குழந்தைக்கு எளிது. சேலையின் முன்தான் எல்லோரும் கூடி நிற்பார்கள். ஆனால், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் புழங்கியபடியே விடப்பட்டிருக்கும் படிப்பறையும் உணவறையும்தான் எனக்கு நெடுநேரம் நிற்கத் தோன்றிய இடங்கள். இத்தனை பெரிய நாட்டை ஆண்டவர் இவ்வளவு அடக்கமான அறைகளிலா வாழ்ந்தார் என்ற வியப்பு உங்கள் மகளுக்கும் எழும். தோட்டத்தில், ஒரு தொலைக்காட்சிப் பேட்டிக்காக அக்பர் சாலை அலுவலகத்தை நோக்கி அவர் கடைசியாக நடந்த பாதையைப் பளிங்குக் கண்ணாடியால் மூடிப் பாதுகாத்திருக்கிறார்கள். காக்க வேண்டிய மெய்க்காவலர் இருவரே அங்கு அவரைச் சுட்டார்கள் என்பதைக் குழந்தை நிச்சயம் கேட்பாள். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ராஜீவ் காந்திக்கான பகுதியும் அதே இல்லத்தில் உள்ளது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் அவர் அணிந்திருந்த உடையின் எஞ்சிய துணியும் காலணிகளும் அங்கே இருக்கின்றன. நம் மண்ணில் நடந்த கொடுமை என்பதாலோ என்னவோ, சேலையைவிட இதுவே என்னை அதிகம் கலங்கச் செய்தது. அந்தக் குண்டுவெடிப்பில் பணியிலிருந்த காவலர்களும் பொதுமக்களும்கூட உயிரிழந்தார்கள் என்பதை மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

மறுமொழி 3

முந்தைய மறுமொழிகளோடு உடன்படுகிறேன். ஆயினும் வாழ்ந்த வீட்டைப் பார்த்தால் மனிதரைத்தான் அறிய முடியும்; அவருடைய ஆட்சியை அறியப் படித்துவிட்டுத்தான் செல்ல வேண்டும். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானது, 1971 வங்கதேசப் போர், 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலை, 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது, அவர் மறைவுக்குப் பின் தில்லியில் சீக்கியர்கள் கொன்று குவிக்கப்பட்டது ஆகிய அனைத்தையும், குழந்தைக்குப் புரியும் அளவில், எதையும் ஒளிக்காமல் சொல்லலாம்.

திங்கட்கிழமை விடுமுறை, நுழைவுக் கட்டணம் இல்லை. மெட்ரோவில் வந்தால் லோக் கல்யாண் மார்க் நிலையத்தில் இறங்குங்கள். நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி இல்லமும் அருகில்தான் உள்ளது. அந்த வளாகத்தில் 2022இல் திறக்கப்பட்ட பிரதமர்கள் அருங்காட்சியகம் மிகப் பெரியது என்பதால், தாயாரின் உடல்நிலையைக் கருதி அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.