ஒன்பதாம் வகுப்புச் சமயப் பாடத்தில் தத்துவம் வேண்டுமா?

கூடல்வாசி:
மதுரைப் பக்கம் பல உதவிபெறும் பள்ளிகளில் ஒரே பாடவேளையில் கிறித்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. ஒன்பதிலும் பதினொன்றிலும் அதில் பாதியைத் தத்துவத்துக்குக் கொடுத்து எல்லாரையும் ஒன்றாக உட்காரவைக்க வேண்டும். பத்திலும் பன்னிரண்டிலும் வேண்டாம். பொதுத்தேர்வு வந்ததும் அந்த நேரம் கணக்குக்குப் போய்விடும். பாடத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. மணிமேகலை 27ஆம் காதையில் அறியும் வழிகளை ஆராயும் அளவைவாதி முதல், எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதி வரை சமயவாதிகள் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். அளவைவாதி தொடங்குவதே காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உவமம் (ஒப்பிட்டு அறிவது), ஆகமம் (நூல் வாக்கு) என்று அறியும் வழிகளை அடுக்கித்தான். ‘இது உண்மையென்று எப்படித் தெரியும்?’ என்று கேட்கப் பழக அதைவிட நல்ல வாசல் இல்லை.

திருமங்கலம் தமிழ் டீச்சர்:
முழுக்க மறுக்கிறேன் சார். அதே காதையின் கடைசியில், காண்டலை மட்டும் நம்பும் பூதவாதியிடம் மணிமேகலை, அனுமானம், அதாவது கருதல், இல்லாமல் உன் தாய்தந்தையை எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். விடுதிப் பிள்ளைகளும் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் இருக்கிற வகுப்பில் அதைக் கேட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும். அதோடு, இயேசுவின் மலைப்பொழிவையோ ஒரு தேவாரப் பதிகத்தையோ முழுசாகப் படிக்காத பிள்ளை எதை ஆராயும்? முதலில் உள்ளே போகட்டும், பிறகு கேள்வி கேட்கட்டும்.

கூடல்வாசி:
டீச்சர் சொல்வது சரி, அந்த உதாரணம் வேண்டாம். நம் மதுரை ஆனைமலையை எடுத்துக்கொள்வோம். மார்கழிக் காலையில் மலைமேல் வெள்ளையாக ஏதோ எழுகிறது. புகை என்றால் நெருப்பு உண்டு. மூடுபனி என்றால்? அனுமானம் எந்த இடத்தில் உடைகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

40 நிமிட வகுப்பில் முதல் 10 நிமிடம் ஒரு கொள்கையைப் படிப்பது. அடுத்த 10 நிமிடம் அதை ஏற்காத பிள்ளை அதைத் தன் வாயால் சொல்வது. ‘ஆமாம், இதுதான் எங்கள் கருத்து’ என்று ஏற்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகே மறுப்பு. இந்த நடுப்படியை விட்டுவிட்டால் பட்டிமன்றம் ஆகிவிடும், குரல் பெரிய பையன் ஜெயிப்பான்.

மேலூர் ராசா:
அண்ணே, சட்டத்தையும் பாருங்க. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் சமய போதனை கூடாது, அரசியலமைப்பின் 28(1) பிரிவு. உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்காரவைக்க முடியாது, 28(3). ஆனால் சமயங்களைப் பற்றிப் படிப்பது வேற, போதனை வேறன்னு 2002-ல் உச்ச நீதிமன்றம் பிரிச்சுச் சொல்லியிருக்கு. அதனால மறைக்கல்வியை விட தத்துவ வகுப்புக்குத்தான் அரசுப் பள்ளியில் வழி இருக்கு. இங்கிலாந்திலும் சமயக் கல்வி கட்டாயம். ஆனா பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம்.

திருமங்கலம் தமிழ் டீச்சர்:
சட்டம் இடம் கொடுப்பது வேறு, யார் நடத்துவது என்பது வேறு தம்பி. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதி பிறர் மதத்தை முதலில் சொல்லிப் பிறகுதான் மறுக்கிறது, முறை அழகுதான். ஆனால் மறுப்பில் சூடு அதிகம். பக்குவமில்லாத கையில் கிடைத்தால், வகுப்பில் இருக்கிற ஒரே முஸ்லிம் பிள்ளையோ ஒரே கிறித்தவப் பிள்ளையோ குற்றவாளிக் கூண்டில் நிற்கும். எதைப் படிக்கப் போகிறோம் என்பதை அந்தப் பிள்ளைக்கு முந்தின வாரமே சொல்லியாக வேண்டும். தன் சமயத்துக்காகப் பேசு என்று யாரையும் எழுப்பிவிடக் கூடாது.

கூடல்வாசி:
இரண்டும் விதியாகவே இருக்கட்டும். அதனால்தான் இன்று வகுப்பில் யாருமே பின்பற்றாத சமயத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். கீழக்குயில்குடி சமணர்மலைக்குக் கூட்டிப்போங்கள். பேச்சிப்பள்ளத்தில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழே பழைய வட்டெழுத்தில் ‘செய்வித்த திருமேனி’, அதாவது இன்னார் செய்யவைத்த உருவம், என்று இருக்கும். வரம் தராத தீர்த்தங்கரருக்கு எதற்குத் திருமேனி? பிள்ளைகள் அரைமணி நேரம் விடாமல் பேசுவார்கள், ஒருவர் மனமும் நோகாது.

திருமங்கலம் தமிழ் டீச்சர்:
அந்தத் தொடக்கத்தை ஏற்கிறேன். மதிப்பெண்? கேள்வி-பதில் அச்சடித்தால் ஒரே வருடத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

கூடல்வாசி:
மொத்தம் பத்து மதிப்பெண்: எதிர்க்கருத்தை நேர்மையாகச் சொன்னதற்கு 5, அதன் பலவீனத்தைக் காட்டியதற்கு 3, சொந்த முடிவுக்குக் காரணம் சொன்னதற்கு 2. எந்த முடிவு என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

திருமங்கலம் தமிழ் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புக்குச் சரி. பதினொன்றில் மூலநூல் வாசிப்புக்குத் தனிப் பாடவேளை கிடைக்கும்வரை என் மறுப்பு அப்படியே நிற்கிறது.