பொங்கலுக்குக் கட்டும் கண்ணுப்பிள்ளைச் செடியின் பெயர்க் காரணம்

கேள்வி (தேவகோட்டைக்காரன்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முதல் நாள் மாவிலை, வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றோடு வெள்ளைப் பூப் பூத்த ஒரு சிறு செடியையும் சேர்த்துக் கட்டி நிலைவாசலில் செருகுவது வழக்கம். அதை என் அப்பத்தா கண்ணுப்பிள்ளை என்பார்கள். மதுரையில் வாக்கப்பட்ட அக்கா வீட்டில் பூளைப்பூ என்கிறார்கள். காரைக்குடி நாட்டு மருந்துக் கடையிலோ, காய்ந்த செடியைச் சிறுபீளை என்று எழுதி விற்கிறார்கள். இவை மூன்றும் ஒன்றுதானா, பொட்டலில் தானாக முளைக்கும் ஒரு செடிக்குப் பிள்ளை என்ற பெயர் எப்படி வந்தது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பள்ளத்தூர் வாசகி):
மூன்றும் ஒன்றுதான், தம்பி. மாட்டுப் பொங்கலன்று இதையே ஆவாரம்பூவோடு சேர்த்துக் கட்டி மாட்டுக்கும் கன்றுக்கும் கழுத்தில் போடுவார்கள். கன்றுக்குப் போடுவதால்தான் கன்னுப்பிள்ளை என்று பெயர் வந்ததாக என் மாமியார் சொல்வார்கள்.

மறுமொழி 2 (செம்மண்காடு):
ஆச்சி சொன்ன காரணம் கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் கன்று கட்டாத ஊர்களிலும் இந்தப் பெயர் வழங்குவதால் எனக்கு அது ஒப்பவில்லை. இச்செடியின் பழைய பெயர் பூளை. பஞ்சு காய்க்கும் இலவ மரத்துக்கும் பூளை என்ற பெயர் உண்டு என்பதை நினைத்தால், பஞ்சுத்தன்மையே பெயருக்கு அடிப்படை என்பது விளங்கும். மலையாளத்தில் இதே செடியைச் செறூள என்கிறார்கள். அது சிறுபூளையின் மருவிய வடிவம், அங்கே தசபுஷ்பம் எனப்படும் பத்துப் பூக்களில் அதுவும் ஒன்று. தாவரவியலார் வைத்த ஏர்வா லனாட்டா என்ற பெயரிலும் லனாட்டா என்பதற்குக் கம்பளி மயிர் போர்த்தது என்றே பொருள். ஆக, நம்மவர்களும் லத்தீனில் பெயர் வைத்தவர்களும் பூவில் பார்த்தது ஒன்றைத்தான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களுள் ஆவிரைக்குச் சற்றுப் பின்னால் வரும் ‘குரீஇப் பூளை’ என்பதற்கு உரைகாரர்கள் சிறுபூளை என்றே பொருள் கொண்டார்கள். பூளை என்பது பேச்சில் பீளையாகி, கண்பூளை என்ற வழக்கும் சேர்ந்து கண்ணுப்பீளையாகி, அதன் பிறகு பொருள் தெரிந்த சொல்லாக இருக்கட்டும் என்று பிள்ளையாக மாறியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மறுமொழி 3 (கண்மாய்க்கரை):
பீளை என்பது கண்ணில் கட்டும் அழுக்குக்கும் பெயர் அல்லவா? கணுவுக்குக் கணு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பூவைப் பார்த்தால், கண்பீளையை நினைத்தே பெயர் வைத்தார்கள் என்று கொள்வதும் பொருந்துகிறது. பூளையில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

மறுமொழி 4 (செம்மண்காடு):
பொருந்துகிறது என்பதை மறுக்கவில்லை, ஐயா. ஆனால் இலக்கியத்தில் பூளை என்ற வடிவமே முந்தியது. பெரும்பாணாற்றுப்படையில் வரகுச் சோற்றுக்கு உவமையாக ‘நெடுங்குரல் பூளைப் பூ’ வருகிறது. நீண்ட கதிர் என்று சொல்வதால் அது பெரும்பூளையாக இருக்கலாம்; நம் வாசலில் செருகும் செடிக்குக் கதிர் அவ்வளவு நீளம் கிடையாது.

தேவகோட்டைக்காரன்:
மிக்க நன்றி. இந்த ஆண்டு நானே பறித்து வரலாம் என்றிருக்கிறேன். சென்ற முறை வேலைக்கு வந்தவர் நாயுருவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எப்படி அடையாளம் காண்பது?

மறுமொழி 5 (பள்ளத்தூர் வாசகி):
நாயுருவியில் இலைகள் எதிரெதிராக இருக்கும், கதிர் நீண்டு வளரும், காய் வேட்டியில் ஒட்டும். கண்ணுப்பிள்ளையில் இலை மாற்றி மாற்றி வரும். சிறியதாக, சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய மயிரோடு இருக்கும். பூவுக்குக் காம்பே இருக்காது, இலை தண்டோடு சேரும் இடத்திலேயே கொத்தாக உட்கார்ந்திருக்கும். ஒரு கொத்தைக் கிள்ளி விரலுக்கிடையில் கசக்கினால் பஞ்சு பிரிந்து, உள்ளே கருப்பாக மினுங்கும் பொடி விதை தெரியும். மழை முடிந்து மார்கழியில் கண்மாய் மேட்டிலும் வேலி ஓரத்திலும் நிறையக் கிடைக்கும். வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுத்துக்கொள்ளுங்கள். கல்லடைப்புக்கு நல்லது என்று மருந்துக் கடையில் சொல்வதை நம்பி வீட்டில் யாரும் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். அதைச் சித்த மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.