அம்மா அப்பாவுடன் பெர்லினிலிருந்து மூன்று நாள்: ப்ராக்கா, வ்ரோத்ஸ்வாஃபா?

தாமிரபரணிக்காரன்:
வணக்கம். பெர்லினில் வேலை பார்க்கிறேன். செப்டம்பரில் அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். வார இறுதியோடு ஒரு நாள் விடுப்புச் சேர்த்து மூன்று நாள் எங்காவது கூட்டிப்போக ஆசை. ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கும் 600 யூரோவுக்குள் முடிக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் ப்ராக் என்கிறார்கள். கூட வேலை செய்யும் போலந்துப் பெண் மட்டும், "ப்ராக்கில் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள், எங்கள் வ்ரோத்ஸ்வாஃபுக்குப் போங்கள்" என்கிறார். இரண்டு ஊருக்கும் நேர் ரயில் இருக்கிறது, இரண்டுக்கும் நாலு மணி நேரம் போல ஆகும். அம்மா சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எது சரி?

ரயில்பித்தன்:
யோசிக்கவே வேண்டாம், வ்ரோத்ஸ்வாஃப். இரண்டு ஊருக்கும் மும்மூன்று முறை போயிருக்கிறேன். முழங்கால் வலி என்று சொன்னபோதே விடை வந்துவிட்டது. ப்ராக்கில் பார்க்க வேண்டியதில் பாதி மேட்டில் இருக்கிறது. வ்ரோத்ஸ்வாஃப் ஓடர் ஆற்றின் தீவுகளில் பரந்து கிடக்கும் சமதளம். பத்து நிமிடம் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மறுபடி பத்து நிமிடம் என்று ஊரையே பார்த்துவிடலாம்.

சைவத்துக்கு 'பார் ம்லெச்னி' எனும் பால் உணவகங்களைத் தேடுங்கள். அரசு மானியத்தில் நடக்கும் பழைய காலத்துச் சாப்பாட்டுக் கடைகள். கவுண்டரில் சொல்லிக் காசு கட்டி, தட்டை நாமே எடுத்து வர வேண்டும். 'பியரோகி ருஸ்கியே' என்று கேளுங்கள். பார்க்கச் சோமாசி மாதிரி, வேகவைத்ததால் வாயில் கொழுக்கட்டை மாதிரி. உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். மேலே வதக்கிய வெங்காயம் மட்டும் போடச் சொல்லுங்கள், சில கடைகளில் பன்றிக்கொழுப்பைப் பொரித்துத் தூவிவிடுவார்கள். நான் போனபோது ஒரு தட்டு நாலைந்து யூரோதான்.

வெண்பனி:
ரயில்பித்தன் அண்ணா, உங்கள் ரசனையை மதிக்கிறேன். ஆனால் இது உங்கள் பயணம் இல்லையே. அறுபது வயதைத் தாண்டிய இருவர், வாழ்நாளில் முதல் முறையாக, ஒருவேளை ஒரே முறையாக ஐரோப்பா வருகிறார்கள். பத்து நகரம் பார்த்து அலுத்தவர்களுக்குத்தான் தெரியாத ஊர் வேண்டும். முதல் முறை வருபவர்களுக்கு, கண்ணை மூடினால் வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்கும் ஒன்றைக் காட்ட வேண்டும். ப்ராக்கில் 1357-இல் மன்னர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டிய பாலம் இன்னும் ஆற்றின் மேல் நிற்கிறது. அதன் மேல் நடப்பதற்கு ஈடாக வ்ரோத்ஸ்வாஃபில் என்ன இருக்கிறது?

என் மாமியாருக்கும் முழங்கால் பிரச்சினைதான். 22-ஆம் எண் ட்ராம் கோட்டைக்குப் பக்கத்திலேயே ஏற்றி இறக்கிவிடும். அங்கிருந்து இறக்கமாகவே வரலாம். பாலத்துக்கு விடியற்காலை ஆறு மணிக்குப் போனோம். எங்களைத் தவிர ஒரு புகைப்படக்காரரும் தெரு கூட்டுபவர் ஒருவரும்தான். ஆற்றிலிருந்து பனி எழும்பி, இருபக்கச் சிலைகளும் பாதி மறைந்து நின்றன. மாமியார் கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கூட்டம் ஒன்பது மணிக்கு மேல்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படியும் நாலரைக்கே எழுந்துவிடுகிறார்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாமே.

செலவும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய நகரச் சதுக்கத்தில் தங்கினால்தான் விலை. ஜிஷ்கோவ், ஹோலெஷோவிட்ஸே பக்கம் தங்கி ட்ராமில் வந்தால் இரண்டு இரவுக்கு ஐம்பது அறுபது யூரோ கூடலாம். அதற்காக அம்மாவுக்கு ப்ராக்கைக் காட்டாமல் விடுவதா?

ரயில்பித்தன்:
மூன்று பேருக்கு 600 யூரோவில் ஐம்பது அறுபது என்பது பத்தில் ஒரு பங்கு, வெண்பனி. அதோடு நாணயம் மாற்றும் கடைகள், சதுக்கத்துக் காப்பி, பாரம்பரியம் என்று விற்கிற அந்தச் சுருள் ரொட்டி என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். அந்த ரொட்டி ப்ராக்கின் பழைய பண்டமே இல்லை, சுற்றுலாவோடு பெருகியது.

வெண்பனி:
நாணயக் கடை பற்றிச் சொல்வது சரி. ஆனால் 2019 முதல், அப்படி மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய்த் திருப்பித் தரலாம் என்று சட்டமே வந்திருக்கிறது. அதுவும் தேவையில்லை, எல்லா இடத்திலும் கார்டு செல்லும். கார்டு இயந்திரம் 'யூரோவிலா, கொருனாவிலா (செக் நாணயம்)' என்று கேட்டால் கொருனாவையே அழுத்துங்கள். போலந்திலும் ஸ்வோட்டிக்கு அதே கதைதான், இரண்டு நாடுமே யூரோவுக்கு வரவில்லை.

கொழும்புத்துறையான்:
நான் ஜெர்மனிக்கு வந்து முப்பது வருசம். இரண்டு நகரமும் தெரியும். வெண்பனி, வ்ரோத்ஸ்வாஃபில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள்.

1945 வரைக்கும் அது ப்ரெஸ்லாவ் எனும் ஜெர்மன் நகரம். போர் முடிந்ததும் எல்லை மாறியது, அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கே சோவியத்திடம் போன லுவோவ் பக்கத்துப் போலந்துச் சனம் புகையிரதங்களில் வந்து அந்த வெறும் வீடுகளில் குடியேறியது. ஒரு பெருநகரத்தின் ஆட்கள் சில வருசத்துக்குள் ஏறக்குறைய முழுவதுமாக மாறிப்போனார்கள். வந்தவர்களோடு ஒரு ஓவியமும் வந்தது. 15 மீட்டர் உயரம், 114 மீட்டர் நீளம். 1794-இல் ரஷ்யப் படையைப் போலந்து விவசாயிகளும் சேர்ந்து தோற்கடித்த ரட்ஸ்வாவிட்ஸே சண்டையை வரைந்தது. 1894-இல் லுவோவில் வைத்திருந்த அதை 1946-இல் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். ரஷ்யர்கள் தோற்கிற படம் என்பதால் 1985 வரைக்கும் திறக்கவே விடவில்லை. இப்போது வட்டமான கட்டடத்துக்குள் நம்மைச் சுற்றி அந்த ஓவியம் நிற்கிறது. சீலையில் வரைந்த நிலமும் முன்னால் கொட்டிய உண்மையான மண்ணும் எங்கே சேருகின்றன என்று பிரித்துப் பார்க்க முடியாது.

வீட்டுத் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டு வந்தவன் நான். அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா தன் பேரனுக்குக் கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மொழி விளங்கவில்லை, விசயம் விளங்கியது.

பொழுதுபட்டதும் பேராலயத் தீவுக்குப் போங்கள். தொப்பியும் நீளக் கறுப்பு மேலங்கியும் போட்ட ஒருவர் கோலோடு வந்து தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவார். எரிவாயு விளக்குகள். ஒவ்வொரு நாளும் நடக்கிறது, பார்க்கக் காசு இல்லை.

வெண்பனி:
அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. நான் ஒருமுறை அந்த ஊரைக் கடந்து போனேன், இறங்கவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன்.

ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. உங்களுக்கு அந்த ஓவியம் பேசியதற்குக் காரணம் உங்கள் வாழ்க்கை. திருநெல்வேலியிலிருந்து வரும் அம்மாவுக்கு அது பேசுமா? இன்னொன்று. 'யாருக்கும் தெரியாத ஊர்' என்று நாம் சொல்வதே எனக்கு நெருடுகிறது. ஆறு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வாழும் நகரம் அது. நமக்குத் தெரியாது என்பதற்காக அது தெரியாத ஊர் ஆகிவிடாது. விலை குறைவு என்று நாமெல்லாம் அங்கே போய் நின்றால் நாளைக்கு அங்கேயும் வாடகை ஏறும். ப்ராக்குக்கு நடந்ததும் அதுதான்.

ரயில்பித்தன்:
அந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். 2019-இல் ப்ராக்கில் தங்கிப் போனவர்கள் சுமார் 80 லட்சம் பேர். ஊரின் மக்கள்தொகையோ 13 லட்சம் சொச்சம். அவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு பாலம், ஒரு சதுக்கம், ஒரு கோட்டை என்று ஒரே பாதையில் நடக்கிறார்கள். பழைய நகரத்தில் பலசரக்குக் கடை இருந்த இடமெல்லாம் காந்தப் பொம்மைக் கடையாகிவிட்டது. இரவில் கூட்டிப்போகும் குடிச் சுற்றுலாவை 2024-இல் நகராட்சியே தடை செய்ய வேண்டி வந்தது. அந்த 80 லட்சத்தில் கொஞ்சம் பேர் வ்ரோத்ஸ்வாஃப், செக் நாட்டிலேயே உள்ள பிர்னோ, ஓலமோட்ஸ் என்று பிரிந்து போனால் எல்லா ஊருக்கும் நல்லதுதானே?

மூட்டைமுடிச்சு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விலை மலிவு என்று யாராவது பெல்கிரேட், சரயேவோ, டிரானா என்று ஆரம்பிப்பதற்குள் இதைச் சொல்லியாக வேண்டும். பெற்றோரின் விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தைப் பாருங்கள். '01' என்று இருந்தால் ஷெங்கன் எல்லையை, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லையை, தாண்டவே கூடாது. தாண்டினால் திரும்பி ஜெர்மனிக்குள் வர முடியாது. செர்பியா, போஸ்னியா, அல்பேனியா மூன்றும் வெளியே. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் விமானச்சீட்டு வாங்கிய பிறகுதான் இதைக் கவனித்தது, சீட்டுப் பணம் போனது போனதுதான். போலந்தும் செக்கும் உள்ளே, கவலை இல்லை. 2025 ஜனவரியிலிருந்து பல்கேரியாவும் ருமேனியாவும்கூட முழுதாக உள்ளே வந்துவிட்டன. பின்னால் நேரம் இருந்தால் பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் பாருங்கள். கடைத்தெருவுக்கு அடியிலேயே ரோமானிய விளையாட்டரங்கம் கிடக்கிறது.

மூன்று நாள் போக, ஒரு ஞாயிற்றுக்கிழமை கியோர்லிட்ஸ் போய் வாருங்கள். காலையில் கிளம்பினால் இரவுக்குள் பெர்லின் திரும்பலாம். நைஸ ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை போலந்து. 1945 வரை இரண்டும் ஒரே ஊர்.

ரயில்பித்தன்:
தாமிரபரணிக்காரரே, அப்பா ஆசிரியர் என்றீர்களே. என்ன பாடம்?

தாமிரபரணிக்காரன்:
உயிரியல். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 31 வருடம் நடத்தினார். ஏன்?

ரயில்பித்தன்:
அப்படியென்றால் நான் இதுவரை சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். பிர்னோவுக்குக் கூட்டிப்போங்கள்! மரபியலின் தந்தை மெண்டல் பட்டாணிச் செடி வளர்த்தது அந்த ஊரின் அகஸ்தீனிய மடத்தில்தான். 1856-இலிருந்து 1863 வரை, நெட்டை, குட்டை, உருண்டை, சுருக்கம் என்று எண்ணி எண்ணிக் குறித்து வைத்தார். 1865-இல் அந்த ஊர்க் கூட்டத்தில் வாசித்தபோது அதன் அருமை யாருக்கும் பிடிபடவில்லை. அவர் 1884-இல் இறந்தார். உலகம் கண்டுகொண்டது 1900-இல். மடத்து வளாகத்தில் அவர் செடி வளர்த்த கண்ணாடிக் குடிலின் அடித்தளம் இன்னும் இருக்கிறது. அருங்காட்சியகம் பக்கத்திலேயே. ஊருக்கு நடுவே இருந்தாலும் உள்ளே சத்தமே இல்லை.

வெண்பனி:
இதற்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவை மறந்துவிடாதீர்கள், பயணம் இரண்டு பேருக்கும்தான். பெர்லினிலிருந்து ப்ராக் வழியாகப் பிர்னோவுக்கு ஒரே ரயில் போகிறது. ப்ராக்கில் இறங்கி ஒரு இரவு தங்கி, மறுநாள் விடியலில் பாலம், பிறகு இரண்டரை மணி நேரத்தில் பிர்னோ.

கொழும்புத்துறையான்:
மூன்று நாளில் இரண்டு நகரம் என்பது முழங்கால் வலிக்காரருக்கு அதிகம், தங்கச்சி. பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையம் நிலையமாக ஏறி இறங்குவதிலேயே களைத்துவிடுவார். ஒரு ஊரில் இருந்து ஆறுதலாகப் பார்ப்பதுதான் வயதானவர்களுக்கு நல்லது. வ்ரோத்ஸ்வாஃப் இல்லாவிட்டால் பரவாயில்லை, எந்த ஊர் என்றாலும் ஒன்றே ஒன்று.

தாமிரபரணிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவிடம் போனில் பிர்னோ பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தத் தோட்டம் இன்னும் இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். கரும்பலகையில் மெண்டலின் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதக் கட்டத்தை எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பார்.

கொழும்புத்துறை அண்ணா சொன்னதை யோசித்து இன்னொரு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். நாலு நாள், ப்ராக்கில் ஒரு இரவு, பிர்னோவில் இரண்டு. பெரிய பெட்டி வேண்டாம், ஆளுக்கு ஒரு தோள்பை. செலவு 600-ஐத் தாண்டும், பரவாயில்லை. கியோர்லிட்ஸ் தனியாக ஒரு ஞாயிறு. வ்ரோத்ஸ்வாஃபுக்கு நவம்பரில் நான் மட்டும் போகிறேன், அந்த ஓவியத்தைப் பார்க்க.

ரயில்பித்தன்:
நல்ல முடிவு. பிர்னோவில் காலை 11 மணிக்குப் பேராலய மணி நண்பகல் மணியாக அடிக்கும். 1645-இல் ஸ்வீடன் படை முற்றுகையிட்டபோது, நண்பகலுக்குள் ஊர் விழாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன் என்று தளபதி சொன்னாராம். ஊர்க்காரர்கள் ஒரு மணி நேரம் முன்பே மணியை அடித்துவிட்டார்கள் என்பது கதை. அதைக் கேட்டுவிட்டு அப்படியே காய்கறிச் சந்தைக்கு இறங்குங்கள். செப்டம்பரில் கொடிமுந்திரியும் பிளம்ஸும் குவிந்திருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும்.