ஒலிக்களரி: ஸ்டீரியோ கேட்போருக்கு ஒரு சொல்

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

புதிதாக வாங்கிய ஸ்பீக்கர்களையும் அம்பிளிஃபயர்களையும் பற்றி நாம் சில வாரங்களாக எழுதிவருகிறோம். பாஸ் எப்படி, குரல் எப்படி என்பதையெல்லாம் நல்ல தமிழில் சொல்லிவருகிற நாம், பாடுபவர் எங்கே நிற்கிறார், மிருதங்கம் அவருக்கு எந்தப் பக்கத்தில், எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று சொல்ல வரும்போது மட்டும் 'சவுண்ட்ஸ்டேஜ்' என்று எழுதிவிட்டுக் கூச்சப்படுகிறோம். வவுனியாவில் திருத்தகம் நடத்தும் அண்ணர் இதற்கு 'ஒலிமேடை' என்றார். சென்னையிலிருந்து எழுதும் ஐயா 'ஒலியரங்கம்' என்றார். மாங்குளத்துத் தம்பிக்கு 'ஒலிவெளி' பிடித்திருக்கிறது. நான் 'ஒலிக்களரி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என் அனுபவம். கிளிநொச்சியில் நான் இருப்பது வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறிய வீடு. சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், மேலே சீற். தாழ்ந்த ஒலிக்கு ஐந்தங்குல ஊஃபரும் உயர்ந்த ஒலிக்கு 25 மில்லிமீட்டர் டுவீட்டரும் கொண்ட ஒரு சோடிப் பெட்டிகளை முன்னறையில் ஆறடி இடைவெளியில் வைத்து, இரண்டிலிருந்தும் அதே ஆறடித் தொலைவில் கதிரையைப் போட்டேன். சமபக்க முக்கோணம் என்று எல்லோரும் சொல்லும் ஒழுங்குதான் அது. ஆனால் முதல் நாளிலிருந்தே பாடுபவர் நடுவில் நிற்கவில்லை. இடப்பக்கம் ஒரு முழம் ஒதுங்கி நின்றார். வயரை மாற்றினேன், பெட்டிகளை இடம் வலமாக மாற்றினேன், பலன் இல்லை. மூன்றாம் நாள்தான் காரணம் கண்ணில் பட்டது. காலபோக நெல் மூட்டைகளை வலப்பக்கச் சுவரோடு அடுக்கி வைத்திருந்தேன். சணற் சாக்கு ஒலியை உறிஞ்சிக்கொள்ள, இடப்பக்கத்து வெறுஞ்சுவர் மட்டும் அதைத் தெறிக்க வைத்தது. நேரே வரும் ஒலியைத் தொடர்ந்து சில மில்லிசெக்கன்களுக்குள் வந்து சேரும் இத்தகைய தெறிப்பைக் காது தனி எதிரொலியாகக் கேட்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்துக்கொண்டு, அது வந்த திசையைச் சற்று இழுத்துவிடுகிறது. இடப்பக்கச் சுவரில் இரண்டு தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டதும் பாடுபவர் நடுவுக்கு வந்துவிட்டார். இதை வீட்டுக்காரியிடம் விளக்கப் போனபோது, நெல்லை விற்கச் சொல்வதற்கு நான் புதுக் காரணம் தேடுவதாக அவர் நினைத்தார்.

இந்த 'நடு' எங்கே இருக்கிறது என்பதுதான் நமது சொல்லின் சிக்கல். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே எந்தப் பொருளும் இல்லை. இரு பெட்டிகளிலிருந்தும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் ஒரே உரப்போடு வரும்போது, மூளை அதை நடுவில் நிறுத்துகிறது. இரு காதுகளுக்கும் இடையில் ஒலி வந்துசேரும் நேரம் வேறுபடக்கூடிய அளவு, மிக அதிகமாகப் போனாலும் ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஏழு பங்கை ஒட்டியதுதான். அந்த வேறுபாட்டைத் தாழ்ந்த மீடிறன்களிலும் (மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை), உரப்பு வேறுபாட்டை உயர்ந்த மீடிறன்களிலும் காது பயன்படுத்துகிறது என்று ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ரேலீ பிரபு 1907இல் விளக்கினார். கதிரையை ஒரு சாண் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். நடுவில் நின்றவர் அருகிலுள்ள பெட்டியை நோக்கி ஓடிவிடுவார். ஆகவே நாம் பெயர் வைக்க முயல்வது கட்டடத்துக்கோ பலகைக்கோ அல்ல. கேட்பவர் சரியான இடத்தில் அமர்ந்திருக்கும் வரை மட்டும் இருந்து, எழுந்ததும் கலைந்துவிடுகிற ஓர் இடத்துக்கு.

இதனாலேயே 'மேடை' எனக்குப் பொருந்தவில்லை. மேடை என்றதும் உயர்ந்த பலகையும், மைக்கைத் தட்டிப் பார்க்கும் பேச்சாளரும் நினைவுக்கு வருகிறார்கள். அகலம் வருகிறது, ஆழம் வருவதில்லை. 'அரங்கம்' ஏற்கனவே கட்டடத்தின் பெயராகிவிட்டது. 'கலையரங்கத்தின் ஒலியரங்கம் நன்றாக இல்லை' என்று ஒருவர் எழுத நேர்ந்தால் அவர் எதைக் குறை சொல்கிறார் என்று தெரியாது. 'வெளி' அழகான சொல், ஆனால் அதற்கு எல்லை கிடையாது. நாம் பேசும் இடத்துக்கோ இன்ன அகலம், இன்ன ஆழம் என்று உண்டு. 'ஒலிக்களம்' என்று வைக்கலாமே என்று தனியாக எழுதிக் கேட்டவருக்கு: களம் எங்களுக்குச் சூடடிக்கும் இடம், அதற்குப் பிறகு வேறொன்று. இரண்டிலும் பாட்டுக் கேட்க எனக்கு விருப்பமில்லை. பௌதிகவியலில் ஒலி பரவியிருக்கும் பிரதேசத்தை 'ஒலிப்புலம்' என்று வேறாகக் குறிக்க வேண்டியும் இருக்கிறது; அதனோடு ஓசையில் நெருங்கிய சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

களரி கூத்து ஆடும் இடம். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தை இரவிரவாகப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடுபவர் சுற்றி வரும்போது அவருடைய சலங்கை நம்மை நெருங்கி, கடந்து, எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச் சிறுத்துவிடும்; மத்தளம் மட்டும் தன் இடத்திலேயே நிற்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறை எங்களுடையது. அதில் உலகம் முழுவதும் ஒரே ஓட்டையால் வந்தது. ஒலிக்கு அகலமும் ஆழமும் உண்டு என்பதை நான் அறிந்துகொண்டது கூத்தில்தான்; புதுப் பெட்டிகள் அதை எனக்கு நினைவூட்டின, அவ்வளவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டீரியோவின் தொடக்கமே நடமாடுகிற மனிதரின் குரல்தான். ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் தமது காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, திரையில் தோன்றும் ஆளின் இடத்திலிருந்தே குரலும் வர வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. 1935இல் மேடையில் ஆட்கள் நடந்தபடி பேசுவதைப் படம்பிடித்துப் பரிசோதித்தும் பார்த்தார். 'ஸ்டீரியோ' என்ற பெயரை அவர் பயன்படுத்தவில்லை. 'இருசெவி ஒலி' என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தார்.

பயன்பாட்டில் சொல் எப்படி நடக்கிறது என்றும் பார்த்தேன். 'இந்தப் பெட்டிகளின் களரி பெட்டிகளுக்கு வெளியேயும் விரிகிறது', 'களரிக்கு அகலம் உண்டு, ஆழம் போதாது', 'போர்வையை எடுத்ததும் களரி இடப்பக்கம் சாய்ந்தது'. வாயில் தடங்கல் இல்லை. பழைய நாதஸ்வரப் பதிவுகளைப் போட்டுவிட்டு 'களரியே இல்லை' என்று ஸ்பீக்கரைக் குறைகூறும் நண்பர்கள், அவற்றுட் பல மோனோப் பதிவுகள், அதாவது இரு பெட்டிகளுக்கும் ஒரே ஒலியைத் தரும் ஒற்றைத்தடப் பதிவுகள், என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மோனோப் பதிவு நடுவில் ஒடுங்கி நின்றால் பெட்டிகள் சரியாக வேலை செய்கின்றன என்றே பொருள்.

மறுமொழி: முள்ளியவளையிலிருந்து

தம்பி, சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் நாற்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவன் என்ற வகையில் மூன்று தடைகளை எழுப்பாமல் விட முடியாது.

களரி என்பதற்குக் களர்நிலம், பாழ்நிலம் என்ற பழைய பொருள் உண்டு. புறநானூற்றின் 356ஆம் பாடல் 'களரி பரந்து' என்றே தொடங்குகிறது. அது பாடுவது சுடுகாட்டை. இந்தப் பொருள் இன்று வழக்கில் இல்லை என்பதால் இதைப் பெரிதுபடுத்தமாட்டேன். இரண்டாவது, தமிழ்நாட்டு வாசகர் களரி என்றதும் கேரளத்துச் சண்டைப் பயிற்சியை நினைப்பார். 'ஒலி' முன்னால் நிற்பதால் அந்த மயக்கம் பெரும்பாலும் தீரும். மீடிறனை அவர்கள் அதிர்வெண் என்பதும், நாம் பரிவு என்பதை அவர்கள் ஒத்ததிர்வு என்பதும் நமக்குப் புதிதல்ல. இரு கரையிலும் பாடப்புத்தகங்கள் அப்படியே ஓடுகின்றன.

மூன்றாவதுதான் உண்மையான தடை. வட்டக்களரியில் சனம் நாற்புறமும் இருக்கும். உமது ஸ்டீரியோவில் ஆட்டம் முழுவதும் கேட்பவருக்கு முன்னால் மட்டுமே நடக்கிறது. முன்னால் மட்டும் திறந்திருப்பது படச்சட்ட மேடையின் இயல்பு. அப்படியானால் வவுனியா அண்ணரின் 'ஒலிமேடை' அல்லவா சரி?

மறுமொழி: கிளிநொச்சியிலிருந்து

ஐயா, மூன்றாவது தடை நியாயமானது. ஆனால் சனம் நாற்புறமும் இருந்தாலும், ஓர் ஆள் ஒரு பக்கத்திலிருந்துதானே பார்க்கிறார்? களரியின் விளிம்பில் அமர்ந்திருக்கும் அந்த ஒருவருக்கு ஆட்டம் முழுவதும் முன்னால்தான் இருக்கிறது, ஆழமும் இருக்கிறது. ஸ்டீரியோ கேட்பவரும் அதே நிலையில் இருக்கிறார். 'வட்ட' என்ற அடையை நீங்கள் எழுதியதும் இன்னொரு வழியும் தெரிந்தது. டொல்பி அட்மோஸ் போன்ற ஏற்பாடுகளில் பின்னாலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிறது. கேட்பவர் அங்கே விளிம்பில் இல்லை, உள்ளே இருக்கிறார். அதற்கு 'வட்டக்களரி' என்பதை ஒதுக்கிவைத்தால் இரண்டும் வேறுபட்டு நிற்கும்.

களரிக்குள் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் தெளிந்து நிற்பதற்கு, அதாவது நாம் 'இமேஜிங்' என்று எழுதிவருவதற்கு, 'நிற்பிடம்' என்று இப்போதைக்கு எழுதுகிறேன்: 'வயலினின் நிற்பிடம் தெளிவாக இல்லை.' இது எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. கூத்து வழக்கில் இதைவிட நல்ல சொல் இருந்தால் ஐயா தர வேண்டும்.

நெல் அடுத்த கிழமை போகிறது. மூட்டைகள் போனதும் போர்வைகளையும் கழற்றிவிட்டு, பாடுபவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து எழுதுகிறேன்.