ஸ்டாண்டர்டு ஹெரால்டு: இந்தப் படம் எந்த வருஷத்து வண்டி?

வணக்கம் நண்பர்களே. பழைய கார் படங்களைப் பார்த்தே மாடலைச் சொல்லிவிடுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

தாத்தா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வீட்டில் கிடைத்தது. பானெட் முன்பக்கமாகச் சாய்ந்து திறந்திருக்கிறது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்தே தூக்கிக்கொள்ளும் அந்த அமைப்பைப் பார்த்ததும் ஹெரால்டுதான் என்று தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டி, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியின் வடிவமைப்பு. 1961இலிருந்து நம்ம மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்டு பெயரில் தயாரானது. நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் வரவே இல்லை, பிற்பாடு இங்கேதான் செய்தார்கள். படத்தில் இருப்பது இரண்டு கதவு, ஆகவே ஆரம்பகால வண்டி என்று நினைக்கிறேன். நம்பர் பிளேட்டை அப்பா, அப்போது சின்னப் பையன், மறைத்துக்கொண்டு நிற்கிறார்!

ஹெரால்டின் அடுத்தடுத்த மாடல்களான மார்க் 1, மார்க் 2 இரண்டையும் கிரில், பம்பர், டேஷ்போர்டு வைத்து எப்படிப் பிரித்தறிவது? அறுபதுகளில் எடுத்த ஹெரால்டு படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வழி.

இன்னொன்று. படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிக்கப் பயமாக இருப்பதால் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாமென்று இருக்கிறேன். இப்படி ஒட்டிய படத்தைச் சேதமில்லாமல் எடுத்துத் தருகிறவர் சென்னையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்பாவின் பிறந்தநாளுக்குள் பெரிதாக்கிக் கொடுக்க ஆசை.